மாவு மில்லுக்கும் கோயிலுக்கும் நடுவே

பேண்டு செட்டு தொடங்கிவிட்டது. பெரிய மேளத்தின் முதல் அடி நேரே என் வயிற்றுக்குள் வந்து விழுந்தது, அதோடு நெஞ்சும் தடதடவென்று அடிக்க ஆரம்பித்தது, எது மேளம் எது நெஞ்சு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இன்றைக்கு அடிக்காமல் வேறு என்றைக்கு அடிக்கும். பதின்மூன்று வருடம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு ஒரு பெட்டியும் ஒரு பாயுமாகக் குருமடத்துக்குப் போன பிள்ளை, என் வியானி, இன்று வெள்ளை அங்கி போட்டு எனக்கும் இவுகளுக்கும் நடுவில் நிற்கிறான், கழுத்தில் சம்பங்கி மாலை, மாலையின் தண்ணீர் அங்கியில் சொட்டாமல் இருக்கவேண்டுமே என்று எனக்கு ஒரு பக்கம் கவலை, ஒரு பக்கம் சிரிப்பு, மறைமாவட்ட ஆயர் கைவைத்துக் குருப்பட்டம் கொடுக்கப்போகிறார், நான் ஈரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வலது பக்கம் இவுக, என் வீட்டுக்காரர், பெயர் தொம்மை, முப்பது வருடம் ஐஸ் கம்பெனியில் மிஷின் ஓட்டியவர், பட்டு வேட்டி இடுப்பில் நிற்காமல் நிமிடத்துக்கு ஒரு தரம் பிடித்து இறுக்குகிறார். "ஐஸ்காரன் வீட்டுலருந்து ஒரு சாமியார், பாத்தியா" என்று காலையிலிருந்து வந்தவர் போனவர் எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது. எங்கள் பங்குக் கோயிலில் வழக்கம் இதுதான். பட்டம் வாங்கும் பிள்ளையைப் பெற்றவர்கள் வீட்டிலிருந்து கோயில் வரைக்கும் நடத்தியே கூட்டிக்கொண்டு போகவேண்டும், காரில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கக்கூடாது. அரைக் கிலோமீட்டர்கூட இருக்காது. தண்ணீர்த் தொட்டி, மாவு மில், டிரான்ஸ்பார்மர், ரேஷன் கடை, அப்புறம் கோயில். முன்னால் பேண்டு, அதற்குப் பின்னால் கன்னியாஸ்திரிகள், அப்புறம் நாங்கள், எங்களுக்குப் பின்னால் என் மூத்தவள் பிரகாசியும் சொந்தபந்தமும் தெரு கொள்ளாத கூட்டமும். இன்று மதியத்துக்குமேல் என் பிள்ளையை நான் வியானி என்று கூப்பிட முடியாது, சாமி என்றுதான் கூப்பிடவேண்டும். சாமி, சாப்பிட வாங்க. சாமி, தலை துவட்டுங்க. மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன், சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, வந்த சிரிப்பு பாதியில் நின்றது, ஏனென்றால் மூச்சு எட்டவில்லை.

"என்னளா பிலோமி, பட்டம் ஒனக்கா ஒம் மவனுக்கா, இப்படி மேமூச்சு கீமூச்சு வாங்குத" என்று பக்கத்து வீட்டு சலேத்தக்கா காதோரம் வந்து சொன்னாள். சந்தோசம்க்கா, என்றேன். சந்தோசம்தான். சந்தோசத்தில் மூச்சு வாங்காதா, கல்யாணத்தன்று எனக்கு வாங்கியது, பிரகாசி பிறந்தபோது வாங்கியது, வியானி குருவுக்கு முந்தின படியாகத் திருத்தொண்டர் ஆன அன்று வாங்கியது, ஆனால் அன்று இப்படி நின்ற இடத்திலேயேவா வாங்கியது, அன்று நான் இரண்டு பந்தி பரிமாறினேனே. போகட்டும். வேண்டிக்கொண்டே நடப்போம், வேண்டினால் எல்லாம் ஒரு சீருக்கு வந்துவிடும். அருள்நிறை மந்திரத்தை நான் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிறவள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், செபமாலை சொல்லும்போது முதல் பாதியை நான் சொல்வேன், மற்றவர்கள் மறுபாதி சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அடுத்த மணிக்கு மூச்சு தயாராக இருக்கும், இவுககூடக் கேலி செய்வார், உன் வேகத்துக்கு மாதாவே ஓடணும் என்று. இப்போது சொன்னேன். மூன்றாவது வார்த்தையில் மூச்சு அறுந்தது. மறுபடி இழுத்து, மறுபடி தொடங்கி, நாலாவது வார்த்தை, அறுந்தது. மந்திரத்தை மறந்துவிட்டேன் என்று ஒரு கணம் நினைத்தேன், ஐம்பத்தாறு வயதில் அருள்நிறை மந்திரம் மறக்குமா, மறக்கவில்லை, வார்த்தையெல்லாம் வரிசையாக நிற்கிறது, தூக்கிவிட ஆள் இல்லை. நேற்றும் அதற்கு முன்தினமும் சாயங்காலச் செபத்தை இவுகளைத்தானே சொல்லச் சொன்னேன். தொண்டை கட்டியிருக்கு என்றேன். தொண்டை கட்டவே இல்லையே பிலோமி. எதற்கு அப்படிச் சொன்னாய்.

தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிவிட்டோம். தாண்டிவிட்டோம், அவ்வளவுதான், இன்னும் மூன்று இடம், எண்ணிக்கொண்டே போகலாம். பேண்டுக்காரர்கள் மாதா பாட்டை எடுத்துவிட்டார்கள், மாடியிலிருந்து யாரோ பூ கொட்டினார்கள், ஒரு இதழ் என் உதட்டில் ஒட்டியது, துப்பக்கூடக் காற்று போதவில்லை, விரலால் எடுத்தேன். டாக்டரம்மா நினைவுக்கு வந்தார், இந்த நேரத்தில் இவர் எதற்கு, ஊர்வலத்துக்கு நான் பத்திரிகை வைத்தும் வராதவர். பதின்மூன்று வயதில் மூட்டு மூட்டாக வீங்கிக் காய்ச்சல் வந்து, எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றதற்கும் நெஞ்சில் இந்தக் கோளாறு வந்ததற்கும் அந்த ஒரே காய்ச்சல்தான் காரணம் என்று எனக்கு நாற்பது வயதில் சொன்னவர் அவர்தான். எக்கோ மிஷினில் என் நெஞ்சைப் படமாகக் காட்டினார். "இங்க ஒரு கதவு இருக்கு பிலோமினா, இது முழுசாத் திறக்க மாட்டேங்குது. திறக்காததால பின்னால தேங்குது. நுரையீரல்ல தேங்கினா மூச்சு வாங்கும், கால்ல தேங்கினா வீங்கும். நான் குடுக்குற மாத்திரை தேங்குற தண்ணியை வெளியேத்தும். புரியுதா?" புரியுது டாக்டர். "படி ஏறினா மூச்சு வாங்குறது எல்லாருக்கும் உள்ளது. அதை வச்சு நீ பயப்படாதே. நீ உன்னோடயே ஒப்பிட்டுப் பாரு. போன வாரம் நிக்காம நடந்த தூரத்தை இந்த வாரம் நின்னு நின்னு நடந்தா, அன்னைக்கே என்கிட்ட வரணும். நல்ல நாள் பாக்காதே, திருவிழா பாக்காதே." திருவிழா பாக்காதே என்று சொன்னபோது நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். போன ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்குப் போகும்போது, ஊர்வலத்துக்கு ஒத்திகையாக இருக்கட்டும் என்று, வீட்டிலிருந்து கோயில் வரை நிற்காமல் நடந்தேன். நிற்கவே இல்லை. சத்தியமாக நிற்கவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கோயிலுக்குப் போகும் வழியில் ரேஷன் கடையில் நின்றேன், அங்கே யாரோ பேச்சுக் கொடுத்தார்கள், யார் கொடுத்தார்கள், ஒருவரும் கொடுக்கவில்லை, கடை பூட்டிக் கிடந்தது, நான்தான் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நேற்று டிரான்ஸ்பார்மர். சேலை மடிப்பைச் சரிசெய்வதுபோலக் குனிந்து நின்றேன். ஞாயிற்றுக்கிழமை கோயில், செவ்வாய் ரேஷன் கடை, புதன் டிரான்ஸ்பார்மர், நிற்கிற இடம் ஒவ்வொன்றாக என் வீட்டைப் பார்த்து நடந்து வருகிறது. இன்றைக்கு வியாழன். மாவு மில் வருகிறது. நிற்கமாட்டேன். இன்று நிற்கமாட்டேன் மாதாவே, நீயே பார், எவ்வளவு கூட்டம், எவ்வளவு பூ.

மாத்திரை. அந்த வார்த்தையைத்தான் நான் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன், இப்போது அது முன்னால் வந்து நின்றுவிட்டது. தண்ணி மாத்திரையைப் போட்டால் அரை மணிக்கு ஒரு தரம் ஓடவேண்டும், இது எங்களைப்போல அந்த மாத்திரை தின்கிற எல்லாப் பெண்களுக்கும் தெரியும், ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து நாங்கள் இதைத்தான் பேசுவோம், கல்யாண வீட்டுக்குப் போனால் போடமாட்டேன், பஸ்ஸில் போனால் போடமாட்டேன் என்று ஒருத்தி சொல்ல இன்னொருத்தி தலையாட்ட, டாக்டரம்மா அறையைவிட்டு வெளியே வந்தால் எல்லாரும் வாயை மூடிக்கொள்வோம். செவ்வாய்க்கிழமை பூசை உடுப்பு வாங்க மதுரைக்குப் பஸ்ஸில் போனோம், போக மூன்று மணி வர மூன்று மணி, எங்கே இறங்குவது, அன்று போடவில்லை. புதன்கிழமை வீடு நிறைய விருந்தாள், பதினாறு பேருக்கு ஒரு கக்கூசு, வாசலில் வரிசை, அதில் நான் போய்ப் போய் நின்றால் என்ன நினைப்பார்கள், அன்றும் போடவில்லை. இன்று மூன்று மணி நேரப் பூசை, முதல் பெஞ்சு, ஆயர் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருப்பார், நடுவில் எழுந்து போகமுடியுமா, மாத்திரையைக் கையில் எடுத்தேன், திரும்ப டப்பாவில் போட்டேன். ஆண்டவருக்காகத்தானே என்றுகூடச் சொல்லிக்கொண்டேன். ஆண்டவர் அப்படிக் கேட்டாரா. அவர் கேட்கவில்லை, நான் அவர் பெயரைச் சொல்லி என் வெட்கத்தை மூடினேன், அவ்வளவுதான். மூன்று நாள். அதனால்தான் முந்தாநாள் ராத்திரி தலைக்கு மூன்றாவது தலையணை. இவுக குறட்டை என்று பழி போட்டுவிட்டு நேற்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினேன், படுத்தால் யாரோ மூக்கைப் பொத்துகிறமாதிரி இருக்கிறது. அதனால்தான் இந்தச் செருப்பு. பிரகாசி ஆசையாக வாங்கிக்கொடுத்தது, ஞாயிற்றுக்கிழமை போட்டுப் பார்த்தபோது தொளதொளவென்று இருந்தது, இப்போது வார் சதைக்குள் பதிந்து கிடக்கிறது. புதுச் செருப்பு கடிக்கிறது என்று நினைத்தேனே. செருப்பு கடிக்கும், இப்படி ஒரே வாரத்தில் சின்னதாகுமா.

இடுப்பில் செருகியிருந்த துணியைத் தொட்டுப் பார்த்தேன், இருக்கிறது. வெள்ளைப் பருத்தி, ஓரத்தில் நானே நூல்வேலை செய்தது, ஒரு திராட்சைக் கொடி, இரண்டு கதிர். ஆயர் வியானியின் உள்ளங்கைகளில் எண்ணெய் பூசியதும் தாயை மேலே கூப்பிடுவார்கள், தாய் போய் இந்தத் துணியால் மகனுடைய இரண்டு கைகளையும் சேர்த்துக் கட்டவேண்டும். அந்தத் துணியைப் பிறகு தாயிடமே கொடுத்துவிடுவார்கள், அவள் சாகும்போது பெட்டிக்குள் அவள் கையில் வைத்து அனுப்புவார்கள், மேலே போனதும் என் மகன் குரு என்று காட்டுவதற்காம். எனக்கு அதில் எவ்வளவு ஆசை. ஆசையோடு ஆசையாக ஒரு நினைப்பு வந்தது, அது கெட்ட நினைப்பு என்று தெரியாமலே வந்தது, கட்டி முடித்ததும் அங்கேயே போய்விட்டால்தான் என்ன, இதைவிட நல்ல சாவு உண்டா, துணி கையிலேயே இருக்கும், ஆயர் இருக்கிறார், அறுபது சாமிமார் இருக்கிறார்கள், கோயில் நிறைய ஊர் இருக்கிறது. நெஞ்சு தடதடவென்றது. தடதட, அப்புறம் ஒன்றுமில்லை, அப்புறம் இரண்டு சேர்ந்தாற்போல், அப்புறம் ஒன்று. மேளம் ஒழுங்காக அடித்துக்கொண்டிருந்தது. இப்போது பிரித்துச் சொல்லமுடிந்தது, எது மேளம் எது நெஞ்சு என்று. மணிக்கட்டில் விரல் வைத்தேன், டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தபடி, விரலடியில் அது சந்தையில் கைவிட்டு ஓடின கோழிபோல ஓடியது, நின்றது, ஓடியது. சந்தோசத்துக்கு இப்படித் தாளம் தப்புமா. சந்தோசம் வேகமாக அடிக்கும், இப்படித் தடுமாறாது. நான் கண்ணை மூடினேன், பீடம் தெரிந்தது, நான் துணியைக் கட்டுகிறேன், இறுக்கி ஒரு முடிச்சு, என் கால் மடங்குகிறது, நான் விழுகிறேன், வியானி கையை நீட்டப் பார்க்கிறான். நீட்ட முடியவில்லை. கை கட்டிக் கிடக்கிறது. நான்தான் கட்டியிருக்கிறேன். அவன் முன்னால் விழுந்து கிடக்கிற தாயை அவனால் பிடிக்கமுடியவில்லை, அதை அவன் ஆயுசு முழுக்க, பூசை வைக்கிற ஒவ்வொரு நாளும், கையைத் தூக்குகிற ஒவ்வொரு தரமும். ஐயோ. இதையா நான் நல்ல சாவு என்றேன்.

மாவு மில்லில் நின்றேன். மிளகாய் அரைக்கிற நெடி. வியானி இரண்டு அடி போய்த் திரும்பினான், "என்னம்மா?" என்றான். நான் வாயைத் திறந்தேன், செருப்பு கடிக்குதுப்பா என்ற சொல் நாக்கு நுனியில் தயாராக இருந்தது, எத்தனை வருடப் பழக்கம், அது எவ்வளவு சுலபமாக வருகிறது. "முடியல," என்றேன். "நெஞ்சு... தாளம் தப்பி அடிக்குது. மூணு நாளா... தண்ணி மாத்திரை போடல. ஆஸ்பத்திரிக்கு... இப்பவே." சொல்லிவிட்டேன். சொன்னதும் உடம்பில் ஒரு குதூகலம் ஓடியது, திருடிய சாமானைத் திரும்ப வைத்தவளுக்கு வருகிறமாதிரி. பேண்டு நின்றது. யாரோ மில்காரர் வீட்டு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்கள். பிரகாசி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, "மூணு நாளா! யம்மா, நேத்து என்கிட்ட மாத்திரை போட்டேன்னுல்லா சொன்ன!" என்று கத்தினாள், கத்திக்கொண்டே குனிந்து என் செருப்பு வாரை அவிழ்த்தாள், காலில் பதிந்திருந்த பள்ளத்தைப் பார்த்தாள், கண் நிறைந்துவிட்டது. இவுக பட்டு வேட்டியை ஒரு கையில் பிடித்தபடி, "ஆட்டோ! ஏலேய் மரியான், ஆட்டோவ எடு!" என்று தெருவே அதிரக் கூப்பிட்டார். வியானி மாலையைக் கழற்றிக்கொண்டிருந்தான். "நானும் வாரேம்மா. ஆயர்கிட்ட சொல்லிக்கிடலாம். இன்னொரு நாள் வச்சுக்கிடலாம்." நான் அவன் கையைப் பிடித்தேன். "மாலையப் போடு," என்றேன். "பதிமூணு வருசம்... நீ ஆட்டோல ஏறுறதுக்கா... காத்துக் கிடந்தேன்?" அவன் அசையவில்லை, சின்னப் பிள்ளையில் ஊசி போட நிற்கும்போது நின்றமாதிரி நின்றான். நான் மறுபடி காற்றைச் சேர்த்தேன். "மூணு மணி நேரப் பூசையில... பாதி ஆயர் பிரசங்கம். அது எனக்குப் போனாப் போட்டும்." பேண்டில் கிளாரினெட் வாசிக்கிறவர் சிரித்துவிட்டார், சிரித்ததற்குப் பயந்து வாயைப் பொத்தினார், சலேத்தக்கா, "இந்த வாய்க்கு ஒண்ணும் ஆகாது, கூட்டிட்டுப் போங்க" என்று அழுதுகொண்டே சொன்னாள். இடுப்பிலிருந்த துணியை எடுத்து இவுக கையில் கொடுத்தேன். "எனக்குக் கட்டத் தெரியாதே பிலோமி," என்றார், முப்பது வருடம் மிஷின் ஓட்டின கையில் துணியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தபடி. "மெதுவாக் கட்டுங்க. பிள்ளைக்கு வலிக்காம." வியானி குனிந்தான். அவன் நெற்றியில் பெருவிரலால் சிலுவை போட்டேன், அவன் வேர்வை விரலில் ஒட்டியது, இனி அவன்தான் எனக்குப் போடவேண்டும், அதற்கு நான் இருக்கவேண்டும், இருக்க வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது.

ஆட்டோவில் பிரகாசி என்னைச் சாய்ந்து உட்காரவிடாமல் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள், ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, "மூச்சு வாங்குது, கால் வீங்கியிருக்கு, நாடி தப்புது, வால்வு கேஸ், மூணு நாள் மாத்திரை விட்டுட்டாங்க" என்று கடகடவென்று சொல்லிக்கொண்டே வந்தாள், நான் இத்தனை நாள் துண்டு துண்டாகப் பதுக்கி வைத்திருந்ததை அவள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கோயிலைத் தாண்டித்தான் போகவேண்டும், தெருவோ ஒன்றே ஒன்று, ஊர்வலம் முழுக்க அதில்தான் நின்றது. மரியான் ஹாரன் அடித்தான். கன்னியாஸ்திரிகள் ஒதுங்கினார்கள், பேண்டுக்காரர்கள் மேளத்தைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு சுவரோரம் ஒட்டினார்கள், இரண்டு பக்கமும் முகம் முகமாக, எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, தெரிந்தால் தெரியட்டும், எவ்வளவு லேசாக இருக்கிறது தெரிந்தபிறகு. டிரான்ஸ்பார்மர் போயிற்று. ரேஷன் கடை போயிற்று. நெஞ்சு ஓடுகிறது, நிற்கிறது, ஓடுகிறது, பயமாக இருக்கிறது, பயத்தினூடே ஏதோ ஒன்று குதிக்கிறது, இன்று என் பிள்ளைக்குப் பட்டம், இன்று என் பிள்ளைக்குப் பட்டம். கோயில் வாசலில் வாழைமரம், தோரணம், படி முழுக்கச் சிவப்புக் கம்பளம், உள்ளே விளக்கெல்லாம் போட்டாயிற்று, பீடம் தூரத்தில் தங்கமாகத் தெரிகிறது. மரியான் வேகத்தைக் குறைத்தான். கண்ணாடியில் என்னைப் பார்த்தான். "ஒரு நிமிசம் நிப்பாட்டட்டாம்மா? இங்கயிருந்தே கும்பிட்டுக்கிடுதீயளா?" பிரகாசி என் முகத்தைப் பார்த்தாள்.

"நிப்பாட்டாத மக்கா," என்றேன். "போ."